ஊதா மரமும் மண்ணுக்குள் தெரியும் வேரும்: ஐந்து வயதுப் பிள்ளையின் படத்தைத் திருத்தலாமா?

நீங்கள் கேட்டது மூன்று கேள்விகள். ஐந்தரை வயது மகள் மரத்தை ஊதா நிறத்தில் வரைகிறாள், மண்ணுக்குள் இருக்கும் வேரையும் சேர்த்தே வரைகிறாள், மலைச்சரிவில் நிற்கும் மரங்கள் எல்லாம் விழப்போவதுபோல் சாய்ந்திருக்கின்றன. ஆசிரியை "சரியாக வரையப் பழக்குங்கள்" என்கிறார். ஓவிய வகுப்பில் சேர்க்கலாமா என்பது முதல் கேள்வி. மழையையும் பூச்சியையும் பார்த்து அவள் சொல்வதெல்லாம் கவிதைபோல இருக்கிறது, ஆனால் "எழுது" என்றால் ஓடிவிடுகிறாள், அப்படியானால் கவிதை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பது இரண்டாவது. இதெல்லாம் தனித் திறமையா, இல்லை அந்த வயதுக்கே உரியதா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் அடியில் நீங்கள் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது: நான் எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது?

மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஓவியமும் மொழியும் நடத்துவது என் வேலை. பல வருடமாக அதைத்தான் செய்கிறேன். நான் மனநல மருத்துவர் இல்லை, எனவே படத்தை வைத்து மனதைப் படித்துச் சொல்லும் வேலைக்கு என்னைக் கூப்பிடாதீர்கள். என் பதிலைச் சுருக்கமாகச் சொல்வதென்றால், தாளுக்கு முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் தலையிடுங்கள், பிள்ளை தாளைத் தொட்டபின் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வேர். பிரான்ஸைச் சேர்ந்த ழார்ஷ்-ஆன்ரி லுகே 1927இல் குழந்தைகளின் ஓவியம் பற்றி எழுதிய நூலில் இதற்கு விளக்கம் சொல்லிவிட்டார். சின்னப் பிள்ளை கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது. மரத்துக்கு வேர் உண்டு என்று அவளுக்குத் தெரியும், அதனால் வேர் வருகிறது. கூட்டுக்குள் முட்டை, பழத்துக்குள் புழு, குளத்துக்குள் மீன் எல்லாம் இதே கணக்குத்தான். 1972இல் ஃப்ரீமன், ஜானிகூன் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கைப்பிடி பின்பக்கம் மறைந்திருக்கும்படி ஒரு கோப்பையை வைத்து, பார்ப்பதை மட்டும் வரையச் சொன்னார்கள். ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் தெரியாத கைப்பிடியையும் வரைந்தார்கள். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் விட்டுவிட்டார்கள். எதிரிலேயே கோப்பை இருந்தும் இப்படி. ஆகவே உங்கள் மகளின் வேர் கவனக்குறைவால் வந்ததில்லை. கைப்பிடி இல்லாவிட்டால் அது என்ன கோப்பை என்பது அவர்களுடைய நியாயம்.

சாய்ந்த மரங்களும் அப்படியே. ஸ்விட்சர்லாந்து உளவியலாளர்கள் பியாஜேயும் இன்ஹெல்டரும் 1948இல் வெளியிட்ட ஆய்வில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பிள்ளை மரத்தைத் தாளின் விளிம்பை வைத்து நிமிர்த்துவதில்லை, அது நிற்கும் கோட்டை வைத்து நிமிர்த்துகிறது. சரிவான கோட்டுக்குச் செங்குத்தாக வரைந்தால் நம் கண்ணுக்கு மரம் சாயத்தான் செய்யும். கூரைமேல் நிற்கும் புகைபோக்கியையும் இதே மாதிரி சாய்த்து வரைவார்கள். பெரும்பாலான பிள்ளைகளிடம் இது ஒன்பது வயதுக்குள் தானாகவே மாறிவிடும். மேலே நீலப்பட்டை, கீழே பச்சைப்பட்டை, நடுவில் வெறும் தாள் என்று ஒரு படம் வரும் பாருங்கள், அதிலும் தர்க்கம் இருக்கிறது. நடுவில் என்ன என்று கேட்டால் பல பிள்ளைகள் "காத்து" என்பார்கள். வானம் தலைக்கு மேலே இருக்கிறது, தரை காலுக்குக் கீழே இருக்கிறது, இடையில் இருப்பது காற்று. மறுப்பதற்கு எனக்கு இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை.

ஊதா நிறம் இன்னும் எளிது. ஏழு வயதுக்கு முன்னால் நிறத்துக்கும் பொருளுக்கும் கட்டாயத் தொடர்பு கிடையாது. பிடித்த நிறம், கைக்கு அருகில் கிடந்த நிறம், அன்றைக்குப் புதிதாகக் கிடைத்த நிறம், இவற்றில் ஏதோ ஒன்று தாளில் ஏறும். கறுப்பில் வரைந்தால் கவலை, சிவப்பில் வரைந்தால் கோபம் என்று சொல்லித்திரிபவர்களை நம்பாதீர்கள். ஒரு படத்தின் நிறத்தை வைத்துப் பிள்ளையின் மனநிலையைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி எதுவும் இல்லை. பிள்ளையின் தூக்கம், சாப்பாடு, விளையாட்டு மாறியிருந்தால் அதற்காக மருத்துவரிடம் போங்கள், படத்துக்காகப் போக வேண்டாம்.

இதுவரை சொன்னவை பலராலும் பலமுறை பார்க்கப்பட்டவை. வயதுக் கணக்கு மட்டும் அவ்வளவு கறார் இல்லை. ஓவியக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் வகுத்த படிநிலைகளைத்தான் ஆசிரியர் பயிற்சிகளில் இன்றும் நடத்துகிறார்கள்: இரண்டு முதல் நான்கு வயது வரை கிறுக்கல், ஏழு வரை உருவம் தேடல், ஒன்பது வரை தனக்கென்று ஒரு மரம், தனக்கென்று ஒரு வீடு, அதற்குப் பிறகு நிஜம்போல வரைய வேண்டும் என்ற ஆசை. பொதுவான போக்கு சரி. ஆனால் ஒரே பிள்ளை திங்கட்கிழமை கிறுக்கிவிட்டு செவ்வாய்க்கிழமை தெளிவான நண்டு வரையும். அட்டவணையை வைத்து உங்கள் மகளை அளக்காதீர்கள்.

சரி, தாளுக்கு முன்னால் தலையிடுவது என்றால் என்ன? பார்ப்பதற்கு நேரம் கொடுப்பது. "ஒரு மரம் வரை" என்று சொன்னால் பிள்ளை ஏற்கெனவே பழகிய மரத்தையே வரையும், பஞ்சுமூட்டைத் தலையும் இரண்டு கோட்டுத் தண்டுமாக. குறிப்பிட்ட ஓர் இலையைக் கையில் கொடுத்தால் கதை வேறு. ஒருமுறை பூச்சி அரித்த இலைகளைப் பொறுக்கிவரச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கவிட்டேன். எதையும் விளக்கவில்லை. அடிப்பக்கத்தில் நரம்பு புடைத்திருப்பதை விரலால் தடவிப் பார்த்தார்கள், ஓட்டை வழியாக ஒருவரையொருவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் கறுப்புப் பேனா கொடுத்தேன். ஒரு பையன் முதலில் ஓட்டையைத்தான் வரைந்தான். தாளின் நடுவில் கோணல்மாணலாக ஒரு வட்டம், அதன் விளிம்பில் கடித்த தடத்துக்குக் குட்டிக் குட்டி வளைவுகள். பிறகு ஓட்டையைச் சுற்றி இலையைக் கட்டினான். கடைசியில் தாளின் ஓரத்தில் வயிறு பெருத்த ஒரு புழு. இலை படுத்துக்கிடந்தது, புழு நின்றுகொண்டிருந்தது, அளவு எதுவும் பொருந்தவில்லை. ஆனால் அந்தக் கடித்த விளிம்பை அவனுக்கு முன்னால் நான்கூட அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை.

கவனியுங்கள், நிஜப்பொருளை எதிரில் வைத்தது நிஜம்போல வரைய வைப்பதற்காக இல்லை. அது ஐந்து வயதில் நடக்காது, நடக்கவும் தேவையில்லை. உற்றுப் பார்த்தால் பிள்ளைக்குத் 'தெரிந்தது' கூடுகிறது, தெரிந்தது கூடினால் படத்தில் வருவதும் கூடுகிறது. எறும்புக்கு ஆறு கால் என்று சொல்லிக்கொடுத்தால் அது பாடம். எறும்பு போகும் தடத்தின் பக்கத்தில் பத்து நிமிடம் குப்புறப் படுக்க விட்டால், இரண்டு எறும்புகள் எதிரெதிரே வந்து முட்டி நின்று போவது படத்தில் வந்துவிடும். கால் எட்டாகவோ பன்னிரண்டாகவோ இருந்துவிட்டுப் போகட்டும்.

பொருட்களைக் கையாளும் முறையைத் தயங்காமல் கற்றுக்கொடுங்கள். தூரிகையை அடுத்த நிறத்தில் தோய்ப்பதற்குமுன் கழுவுவது, அதிக நீரைத் துணியில் ஒற்றுவது, மெழுகு வண்ணக்குச்சியைப் படுக்கவைத்துத் தேய்ப்பது. இதில் எல்லாம் "அவளே கண்டுபிடிக்கட்டும்" என்று விட்டால் சேறுதான் மிஞ்சும், எரிச்சல்தான் வரும். தாள் பெரிதாக இருக்கட்டும், தரையில் விரித்துக்கொடுங்கள், அந்த வயதில் முழுக்கையும் அசைந்துதான் கோடு வரும். இருபத்து நான்கு நிறப் பெட்டியைத் திறந்து வைப்பதைவிட, மூன்று நிறம் கொடுத்துக் கலக்கச் சொல்வது எனக்குப் பிடிக்கும். தாளுக்கு அடியில் இலையையோ மரப்பட்டையையோ வைத்துத் தேய்த்து உருவம் எடுப்பது மூன்று வயதுப் பிள்ளைக்கும் கைவரும். செம்பருத்தி இதழைத் தாளில் கசக்கித் தேய்த்தால் ஊதாக் கறை வரும், அதில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டால் சிவக்கும், சமையல் சோடா கரைத்த தண்ணீர் பட்டால் நீலமும் பச்சையுமாகத் திரும்பும். அன்றைக்கு வேறு வேலை நடக்காது, சொல்லிவிட்டேன். இந்த நிறங்கள் வெயிலில் வெளுத்துப்போகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் அழுகை. கிள்ளினால் பால் வடியும் செடிகள் மட்டும் வேண்டாம், தோல் எரியும், கண்ணில் பட்டால் ஆபத்து.

இனி கவிதைக்கு வருவோம். உங்கள் மகள் எழுத மறுப்பதில் வியப்பே இல்லை. ஐந்தரை வயதில் ஓர் எழுத்தை வளைத்து முடிப்பதற்குள் வாக்கியம் மறந்துபோகும். 'ழ' போடும் சிரமத்தில் மழையே நின்றுவிடும். அதனால் எழுதும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவள் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். அவள் மூச்சுவிடும் இடத்தில் வரியை மடியுங்கள். எழுதி முடித்ததும் விரலை வைத்து வாசித்துக்காட்டி, "இப்படித்தானே சொன்னே?" என்று கேளுங்கள். இல்லை என்று அவள் மாற்றினால் அதுதான் அவளுடைய முதல் திருத்தம், கைதட்டல் எதுவும் இல்லாமல் மாற்றி எழுதுங்கள். ஒரு சொல்கூட உங்களுடையதாக இருக்கக் கூடாது, பேச்சுவழக்கைச் செந்தமிழாக்கவும் கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. என் வகுப்பில் நத்தையைப் பார்த்துக்கொண்டே ஒரு பெண்பிள்ளை சொன்னது இது:

நத்தை போகுது
அதுக்கு அவசரம் இல்ல
வீடு முதுகுலயே இருக்கு
லேட்டா போனாலும்
அது வீட்டுலதான் இருக்கு

மறுநாள் வீட்டிலிருந்து அதே கவிதை 'சரி செய்யப்பட்டு' அழகான கையெழுத்தில் வந்தது. நத்தை வந்தால் பின்னாலேயே மெத்தை வரும், மெத்தை வந்தால் அத்தை வராமல் இருப்பாளா? அத்தை வந்துவிட்டாள், வீடு போய்விட்டது. தாமதமாகப் போனாலும் வீட்டிலேயே இருக்கும் அந்த உயிரைப் பற்றிய யோசனை, கவிதையில் இருந்த ஒரே சொத்து, எதுகைக்காகக் காலி. அந்தப் பிள்ளை அதை வாசித்துவிட்டு "நல்லா இருக்கு" என்றாள், யாரோ எழுதியதைச் சொல்வதுபோல.

எதுகை மோனைமேல் எனக்குப் பகை கிடையாது. பிள்ளைகளுக்கு ஓசை பிடிக்கும், பாட்டுப் பாடும்போது அது வேண்டும், தானாக வந்தால் விட்டுவிடுங்கள். தேடச் சொல்வதில்தான் சிக்கல், தேடக் கிளம்பினால் பார்த்த பொருள் பின்னுக்குப் போய்விடும். 1960களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் ஓர் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கவிதை நடத்திய கவிஞர் கென்னத் கோக் எதுகையை ஒதுக்கிவைத்துவிட்டு, அதன் இடத்தில் ஒரே தொடக்கம் எல்லா வரியிலும் திரும்ப வரும்படி செய்தார். இந்த உத்தி நம் பிள்ளைகளிடமும் நன்றாக வேலை செய்கிறது. "மழை வந்தா..." என்று நீங்கள் தொடங்கிக் கொடுங்கள், ஒவ்வொரு வரியையும் அவள் முடிக்கட்டும். ஓசை வேண்டுமென்றால் சத்தத்தைக் கேட்கச் சொல்லுங்கள். இரட்டைக்கிளவி நிறைந்த மொழி நம்முடையது, பிள்ளைகள் அதில் புதிது புதிதாகச் சேர்ப்பார்கள். மழை ஓட்டில் தடதட, இலையில் பொத்பொத், வாளியில் ளொங் என்றான் ஒரு வாண்டு. சொல்லின் முதலில் 'ள' வராது என்பது இலக்கணம். வாளிக்கு அது தெரியாது.

கேட்கும் கேள்வியிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். "இது எது மாதிரி இருக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டால், பிள்ளை உங்களைத் திருப்திப்படுத்த உவமை தயாரிக்க ஆரம்பித்துவிடும். நிலா தோசை, மேகம் பஞ்சு என்று தேய்ந்ததெல்லாம் வரும். நான் சங்கப் பாட்டின் வரிசையைக் கொஞ்சம் கடன் வாங்குகிறேன். முதலில் இடமும் பொழுதும், அப்புறம் அங்கே இருக்கும் உயிர்கள், கடைசியில்தான் உணர்ச்சி. முதல், கரு, உரி. எங்கே பார்த்தாய், அப்போது வெயிலா இருட்டா, பக்கத்தில் வேறு யார் இருந்தார்கள், அது என்ன செய்துகொண்டிருந்தது. இவ்வளவு கேட்டால் போதும், உணர்ச்சியை நான் கேட்பதே அபூர்வம். "உனக்கு எப்படி இருந்தது?" என்று முதலிலேயே கேட்டால் "ஜாலியா இருந்துச்சு" என்ற பதிலோடு கதவு சாத்திக்கொள்ளும்.

அவள் சொல்வது உண்மையிலேயே கவிதையா என்பது உங்கள் மூன்றாவது கேள்வியோடு சேர்ந்தது. இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். சூரியனுக்கு உயிர் உண்டு, நிலா நம் பின்னால் வருகிறது என்று சின்னப் பிள்ளைகள் நம்புவதை பியாஜே 1926இலேயே எழுதினார். ஆகவே "நிலா என் கூடவே வருது" என்று மூன்று வயதுப் பிள்ளை சொன்னால் அது உருவகம் ஆகாது, செய்தி. அதே போலப் பெயர் தெரியாத பொருளுக்குத் தெரிந்த பெயரை ஒட்டவைப்பதும் உருவகம் ஆகாது. அந்தப் பொருளின் சரியான பெயரைப் பிள்ளை முன்பே சொல்லியிருந்து, இப்போது தெரிந்தே மாற்றிச் சொல்கிறதா என்று பார்ப்பது ஆய்வாளர்கள் கையாளும் ஒரு வழி. அப்படிச் சலித்துப் பார்த்தாலும், பள்ளிக்குப் போகாத வயதிலேயே நிஜமான உருவகங்கள் கிடைக்கத்தான் செய்கின்றன. எனவே உங்கள் மகள் செய்வது பொய்யில்லை, அதே சமயம் அபூர்வமும் இல்லை. அபூர்வம் என்னவென்றால் வீட்டில் ஒருவர் அதைக் காதுகொடுத்துக் கேட்பது. எட்டு ஒன்பது வயதில் இந்த ஊற்று வற்றி, பிறகு வளர்ந்தவர்களில் சிலரிடம் மட்டும் திரும்புகிறது என்று அமெரிக்க உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர் போன்றவர்கள் ஓவியத்தை வைத்து வாதிட்டார்கள். பாரிசர், வான் டென் பெர்க் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1997இல் இதைச் சந்தேகித்தார்கள். படங்களுக்கு மதிப்பெண் போடுபவர் எந்தப் பண்பாட்டில் வளர்ந்தவர் என்பதைப் பொறுத்து அந்த இறக்கம் தெரிகிறது அல்லது தெரியாமல் போகிறது என்றார்கள். வழக்கு முடியவில்லை. பசுமைக்கு நடுவில் விளையாடினாலே படைப்பாற்றல் பெருகிவிடும் என்ற பேச்சையும் நான் இதே அலமாரியில்தான் வைப்பேன். இயற்கை பார்ப்பதற்கு நிறையக் கொடுக்கிறது, எனக்கு அந்தக் காரணம் போதும்.

பாராட்டு, பரிசு பற்றி ஒரு சொல். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள், பின்னாட்களில் விருப்பநேரத்தில் வரைவதை மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. பரிசின் தீமை எவ்வளவு தூரம் போகும் என்பதில் பின்னால் வந்த ஆய்வாளர்களிடையே கடும் சண்டை நடந்தது, அதனால் ஒரு மிட்டாய் கொடுத்ததற்காகப் பதற வேண்டாம். "வரைந்தால் இது தருவேன்" என்ற பேரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். "சூப்பர்" என்பதற்குப் பதிலாகக் கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்: "வேர் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு இருக்கே." அவள் மேற்கொண்டு பேசுவாள். "இது என்ன?" என்று கேட்காதீர்கள், சில நேரம் அது வெறும் கோடு, அதற்கு ஒரு பெயரைக் கட்டாயமாகக் கண்டுபிடிக்க வேண்டிய நிலைமை பிள்ளைக்கு வந்துவிடும்.

ஓவிய வகுப்பு. மாதிரிப் படத்தைப் பலகையில் போட்டு எல்லோரும் அதையே வரையும் வகுப்பு என்றால் இந்த வயதில் வேண்டாம் என்பது என் கருத்து. கருத்து என்றுதான் சொல்கிறேன், நிரூபணம் என்று சொல்லவில்லை. ஏனென்றால் 1980களில் சீனப் பள்ளிகளைப் பார்த்துவந்த கார்ட்னர், படிப்படியாகப் பிரதி எடுத்துப் பழகிய பிள்ளைகளும் புதிய பொருளைத் திறமையாக வரைவதைக் கண்டு, பயிற்சி படைப்பைக் கொன்றுவிடும் என்ற தன் நம்பிக்கையையே மறுபரிசீலனை செய்ய வேண்டிவந்தது. வண்ணம் தீட்டும் புத்தகமும் அப்படித்தான். லோவன்ஃபெல்ட் அதைக் கடுமையாக எதிர்த்தார், நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். பயணத்தில் பொழுதுபோக உதவும், வீட்டில் இருக்கும் ஒரே தாள் அதுவாக இல்லாவிட்டால் சரி. மண்ணும் இலையும் தண்ணீரும் கையில் கிடைக்கும், ஆளுக்கொரு படம் வரும் வகுப்பு என்றால் தாராளமாகச் சேருங்கள். எட்டு ஒன்பது வயதில் அவளே ஒருநாள் வந்து "என் மரம் மரம் மாதிரியே இல்ல, எனக்கு வரைய வராது" என்பாள். அப்போது "நல்லாத்தான் இருக்கு" என்று சமாதானம் சொல்லித் தட்டிக்கழித்தால் வரைவதை நிறுத்திவிடுவாள். பலர் நிறுத்துவது அங்கேதான். முன்னால் உள்ளது பின்னால் உள்ளதை மறைப்பது, நிழல் விழும் பக்கம், தூரத்தில் சிறுப்பது எல்லாவற்றையும் அந்த வயதில் கேட்டவுடன் கற்றுக்கொடுங்கள், ஆசிரியர் தேவைப்பட்டால் அப்போது தேடுங்கள்.

பள்ளி ஆசிரியையிடம் சண்டை வேண்டாம். அவருக்கு நாற்பது பிள்ளைகள், சுவரில் மாட்ட நாற்பது படங்கள் வேண்டும். "அறிவியல் பாடத்துக்கு வேர் சரியாக வரட்டும், ஓவியத்தில் நிறத்தை அவள் விருப்பத்துக்கு விட்டுவிடலாமா?" என்று கேட்டுப்பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்திலும் தேதியையும், வரையும்போது அவள் சொன்ன வாக்கியத்தையும் பென்சிலால் குறித்து வையுங்கள். முன்பக்கத்தில், அவள் கேட்டாலொழிய, பெயரைக்கூட எழுதாதீர்கள்.